அஞ்சு நொடி நிசப்தம்: கம்ப்யூட்டர் ஃபேனை அணைக்கக் கத்துக்கிட்ட கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடைக் கேட்டவங்களுக்குப் பின்னாடி ஒரு "ம்ம்ம்ம்" சத்தம் வந்திருக்கும். எடிட்டிங்ல அதை எடுத்திருக்கலாம். நான்தான் வேணும்னே விட்டுட்டேன். ஏன்னா இந்த எபிசோடே அந்தச் சத்தத்தைப் பத்தினதுதான்.

நான் இப்போ உட்கார்ந்திருப்பது வளையமாதேவியில், சித்தப்பா வீட்டில். கடலூர் மாவட்டம், சேத்தியாத்தோப்புக்குப் பக்கம். நெய்வேலி இரண்டாம் சுரங்கம் இந்த ஊரை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. மைக்குக்கு ரெண்டடி தள்ளி தங்கச்சியோட டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் கொடுப்பது, சிட்டா அடங்கல் பிரிண்ட் எடுப்பது, மனு டைப் பண்ணுவது எல்லாம் இதில்தான். அதோட ஃபேன் சத்தம் தாங்க முடியலை, சரி பண்ணிக் கொடு அண்ணான்னு கூப்பிட்டா. சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் மிக்ஸி வரைக்கும் ரிப்பேர் பார்ப்பான் என்று நம்ம சொந்தக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கு இல்லையா, அந்தக் கணக்கு.

நான் கேஸைத் திறந்து வச்சிருக்கும்போது சித்தப்பா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டா தம்பி, சத்தம் போடுதுன்னா அதை நிறுத்திப்புட வேண்டியதுதானே? நிறுத்தினா என்னா ஆவும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் உலகத்துக்குப் பல வருஷம் ஆச்சு. அந்த வரலாறைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

முதலில் என் கதையைச் சொல்லிடுறேன், ஏன்னா அது ரொம்ப அவமானம். 2012. தமிழ்நாட்டில் கரண்ட் கட் உச்சத்தில் இருந்த வருஷம். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேயும் கரண்ட் இருக்காது. இதே வீட்டில் ஒரு பழைய பென்டியம் 4 இருந்தது, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. லீவுக்கு வந்த நான் ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு கேம் விளையாடணும். ஒரே ரூம். ஃபேன் சத்தத்தில் சித்தி எழுந்தால் கதை முடிஞ்சது. அதனால் நான் என்ன பண்ணினேன், பிராசசர் மேல் இருந்த ஃபேனின் ஒயரைப் பிடுங்கிட்டேன். ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் "சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்" என்று வந்தது. அழுத்தினேன். ஆஹா, என்ன ஒரு அமைதி! சில நிமிஷம் கேம் ஜவ்வு மாதிரி இழுத்தது. அப்புறம் மொத்தமும் அணைஞ்சு போச்சு.

கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சேன். அந்த வருஷத்தில் வேற என்ன நினைக்கத் தோணும்? அப்புறம்தான் கவனிச்சேன், தலைக்கு மேலே டியூப் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

அந்த நிமிஷம் அந்த பென்டியம் 4 என்னிடமிருந்து தன்னைத்தானே காப்பாத்திக்கிட்டது. அப்படிக் காப்பாத்திக்க அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?

ஆரம்பத்திலேயே இந்தப் பிரச்சினை இருந்தது. 1946இல் வெளி உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள். சுமார் 150 கிலோவாட் மின்சாரம். போட்ட மின்சாரம் மொத்தமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கம்ப்யூட்டர் எந்த வேலையும் "செஞ்சு வெளியே" அனுப்புவதில்லை. மோட்டார் தண்ணீரை இறைக்கிறது, கிரைண்டர் மாவு ஆட்டுகிறது. கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது, ஆனால் இயற்பியல் கண்ணில் அது ஒரு ஹீட்டர்தான். அதனால் எனியாக்குக்குப் பெரிய ஊதுவிசிறிகள் வேண்டியிருந்தன.

அடுத்த முப்பது வருஷம் பதில் ஒன்றே ஒன்றுதான்: ரூமையே குளிராக்கு. 1973இல் ஐஐடி மெட்ராசுக்கு ஜெர்மன் உதவியில் ஐபிஎம் 370/155 வந்தது. அந்த மாதிரி மெஷின் என்றால் ஏசி ஹால், ஒரு தனி உலகம். நம்ம ஸ்கூல்களில் கம்ப்யூட்டர் லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னாங்களே, அது அந்தப் பெரிய மெஷின் காலத்து பக்தியின் மிச்சம் என்றுதான் நினைக்கிறேன். தூசி வரக்கூடாது என்பது காரணம். ஆனா நாங்க சாமி கும்பிடத்தான் போறோமோன்னு நினைச்சிருக்கோம்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தபோது ஏசி ஹால் கூட வரலை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட். அதற்குள் ஒரு ஃபேன். ஸ்விட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். நடுவில் எதுவும் கிடையாது. மெஷின் சும்மா இருந்தாலும் ஃபேன் முழு வேகத்தில் சுத்தும். ஆபீசில் அது யாருக்கும் பெரிய விஷயமில்லை, ஏன்னா பக்கத்தில் டைப்ரைட்டரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதைவிடக் கத்தும்.

ஆனா ஒருத்தருக்கு மட்டும் அது பெரிய விஷயம். ஸ்டீவ் ஜாப்ஸ்.

ஜாப்சுக்கு ஃபேன் என்றாலே ஆகாது. மேசை மேல் இருக்கிற பொருள் அமைதியாக இருக்கணும், அவ்வளவுதான். 1977இல் ஆப்பிள் 2க்கு அது நிஜமாகவே நடந்தது. ராட் ஹோல்ட் என்ற இன்ஜினியர் ஸ்விட்சிங் பவர் சப்ளை வடிவமைத்தார். பழைய வகை சப்ளையைவிட அது குறைவாகச் சூடாகும், அதனால் ஃபேன் தேவைப்படலை. இது நேர்மையான வழி. சூட்டைக் குறைச்சுட்டுத்தான் ஃபேனை எடுத்தாங்க.

1980இல் ஆப்பிள் 3 வந்தபோது கதை தலைகீழ். ஃபேன் கூடாது என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. அலுமினிய அடிப்பாகம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று நம்பினார்கள். விற்ற மெஷின்கள் வரிசையாகக் கோளாறு கொடுத்தன. சூட்டில் விரிந்து சுருங்கி சிப்புகள் சாக்கெட்டிலிருந்து கழன்றுகொள்வதாகச் சொல்லப்பட்டது. கம்பெனி கொடுத்த வைத்தியம் என்ன தெரியுமா? மெஷினைச் சில அங்குலம் தூக்கி, மேசை மேலே பொத்துன்னு போடுங்க, சிப்பு திரும்ப உட்கார்ந்துடும். பழைய டிவியை நம்ம தாத்தாக்கள் தட்டின அதே டெக்னாலஜி. கடைசியில் அந்தக் கோளாறை ஃபேன் இல்லாத ஒன்றின் மேல் மட்டும் போட முடியாது, போர்டு வடிவமைப்பிலும் பிரச்சினை இருந்தது. ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான்.

1984 மெக்கின்டாஷிலும் ஃபேன் இல்லை. சூடான காற்று தானாக மேலே ஏறும், மேலே இருக்கிற இடைவெளி வழியாகப் போகும், கீழேயிருந்து குளிர்ந்த காற்று வரும். அட்டையில் புகைபோக்கி மாதிரி ஒன்று செய்து மெக்கின்டாஷின் தலையில் மாட்டிக்கொள்வதற்குக்கூட விற்றார்கள். சிரிப்பா இருக்கும், ஆனா தத்துவம் சரியானது. நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் வரும்போது இடுப்பு ஒடுங்கின பிரம்மாண்டமான கூலிங் டவர்களைப் பார்த்திருப்பீங்க. அதற்குள்ளும் இதேதான். சூடான ஈரக்காற்று மேலே போகிறது, கீழே புதுக் காற்று தானாக நுழைகிறது. அட்டைப் புகைபோக்கிக்கும் அதற்கும் வித்தியாசம் உயரம்தான். மேசை மேல் அந்த உயரம் கிடைக்காது என்பதுதான் ஜாப்சின் பிரச்சினை. அவர் கம்பெனியை விட்டுப் போன பிறகு 1987இல் வந்த மெக்கின்டாஷ் எஸ்இயில் ஃபேன் வைத்துவிட்டார்கள். அது போட்ட சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் திட்டினார்கள் என்பது வேற கதை.

இதற்கப்புறம் பிராசசர்கள் சூடாக ஆரம்பித்தன. 1993இல் முதல் பென்டியம், 66 மெகாஹெர்ட்ஸ், சுமார் 16 வாட். இன்னிக்கு 16 வாட்டைப் பார்த்தா சிரிப்போம். அன்னிக்கு அது பயமுறுத்தியது. பவர் சப்ளைக்கு ஒரு ஃபேன் என்பது போய் பிராசசருக்குன்னு தனி ஃபேன் வந்தது. பதினோரு வருஷம் கழித்து, 2004இல் பென்டியம் 4 பிரெஸ்காட்டின் மேல்வரிசை மாடல்களில் 115 வாட். எங்க வீட்டு மெஷின் அந்தக் குடும்பம்தான். அதற்கடுத்து வர இருந்த சிப்பை இன்டெல் அதே 2004இல் கைவிட்டது, காரணங்களில் முக்கியமானது சூடு. கிளாக் வேகத்தை ஏத்திக்கிட்டே போற ஓட்டம் அங்கே நின்றது. உங்க லேப்டாப்பில் எட்டு கோர் இருப்பதற்கு ஒரு வகையில் ஃபேன்தான் காரணம். ஃபேன் தோத்துப்போச்சு, அதனால் வேற வழி தேடினாங்க.

சரி, அணைக்கும் விஷயத்துக்கு வர்றேன்.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு கம்பெனியும் சேர்ந்து ஏசிபிஐ என்று ஒரு விதிமுறை வெளியிட்டன. பவர் மேனேஜ்மென்ட் பத்தினது, படிச்சா தூக்கம் வரும். ஆனா அதுக்குள்ளே சூடு பத்தி ஒரு பகுதி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெஷின் சூடானால் ரெண்டு வழி என்கிறது. ஒன்று ஆக்டிவ்: ஃபேனைப் போடு. மற்றது பாசிவ்: பிராசசரை மெதுவாக்கு. ரெண்டும் போதலைன்னா கிரிட்டிக்கல்: மொத்தமா அணைச்சுடு. எந்த சூட்டில் எது முதலில் என்பதை ஒரு அட்டவணையில் எழுதலாம்.

இது தொழில்நுட்ப முடிவு மாதிரித் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க, இது உண்மையில் யாருக்குத் தொந்தரவு கொடுக்கலாம் என்ற முடிவு. ஃபேனை முதலில் போட்டால் காதுக்குத் தொந்தரவு, பேட்டரிக்கு நஷ்டம். பிராசசரை முதலில் மெதுவாக்கினால் வேலைக்குத் தொந்தரவு. நடுராத்திரி ஹாஸ்டல் ரூமில் ஒரு பதில், பகல்ல ஆபீசில் இன்னொரு பதில். அதுவரைக்கும் அந்த முடிவை எடுக்க யாருமே இல்லை, ஃபேன் முட்டாள்தனமா ஓடிக்கிட்டே இருந்தது. இப்போ முதல் தடவையா அந்த முடிவு சாப்ட்வேர் கைக்கு வருது. என் தொழில்காரங்க கைக்கு!

கொடுத்தது நல்லதுக்கா என்றால், சொல்றேன்.

ஃபேனுக்கு மூணு ஒயர் இருக்கும். 12 வோல்ட், கிரவுண்ட், மூணாவது வேகத்தைச் சொல்ல. ஒரு சுத்துக்கு ரெண்டு துடிப்பு அனுப்பும். போர்டு அதை எண்ணும். துடிப்பு வரலைன்னா "ஃபேன் எரர்". 2012இல் எனக்கு வந்த எச்சரிக்கை இந்த மூணாவது ஒயரோட வேலை. வேகத்தைக் குறைக்கணும்னா 12 வோல்ட்டைக் குறைக்கணும். ஆர்வக்கோளாறு பசங்க என்ன பண்ணுவாங்கன்னா, ஃபேனின் பாசிட்டிவை 12 வோல்ட்டிலும் நெகட்டிவை 5 வோல்ட்டிலும் செருகிடுவாங்க. வித்தியாசம் 7 வோல்ட். ஃபேன் மெதுவா, அமைதியா சுத்தும். "7 வோல்ட் வித்தை"ன்னு உலகம் பூரா பிரபலம். ரிஸ்க்கும் உண்டு, ஃபேன் உள்ளே ஷார்ட் ஆனால் 5 வோல்ட் லைனில் 12 பாயும். வீட்டில் செய்து பார்க்காதீங்க.

ஏன் அவ்வளவு பாடு? ஃபேனோட கணக்கு அப்படி. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் அதற்கு வேண்டிய மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். பாதிக் காற்றை விட்டுக்கொடுத்தால் கிட்டத்தட்ட முழு அமைதி கிடைக்கும். இதைவிட நல்ல டீல் இன்ஜினியரிங்கில் கிடைக்காது.

2004 வாக்கில் நாலாவது ஒயர் வந்தது. 12 வோல்ட்டைத் தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். நாலாவது ஒயரில் ஒரு நொடிக்கு 25,000 தடவை ஆன், ஆஃப் சிக்னல். ஆன் நேரம் கூடினால் வேகம் கூடும். ஏன் 25,000? மனுஷக் காது சுமார் 20,000 வரைக்கும்தான் கேட்கும். ஃபேனைக் கட்டுப்படுத்தற சிக்னலே ரீங்காரம் போட்டால் அசிங்கம் இல்லையா, அதான் காதுக்கு எட்டாத இடத்தில் வச்சாங்க.

இதற்கு நடுவில் 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் ஒரு வீடியோ வெளியிட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்து ஹீட்சிங்க்கை ஃபேனோடு கழற்றிவிடுகிறார்கள். இன்டெல் பென்டியம் 4 தன்னை மெதுவாக்கிக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து ஓடியது, சாகவில்லை. பென்டியம் 3 உறைந்து நின்றது, அதுவும் சாகவில்லை. ஏஎம்டி அத்லான் புகைந்தது. கொஞ்ச நொடிதான். சிப்புக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கணும், வெளியே இருக்கிற போர்டையோ சாப்ட்வேரையோ நம்பக்கூடாது என்பதை ஆயிரம் பக்க ரிப்போர்ட்டைவிட அந்தப் புகை நல்லா புரிய வச்சது. 2012இல் என் முட்டாள்தனத்தை எங்க வீட்டு மெஷின் தாங்கினதும் இந்த ஏற்பாட்டால்தான். முதலில் கேம் இழுத்தது பாருங்க, அது பிராசசர் தன்னை மெதுவாக்கிக்கிட்டது. அப்புறம் அணைஞ்சது கடைசிக் கட்டம்.

சாப்ட்வேர் பண்ணின சேதத்துக்கு வர்றேன். லினக்ஸில் எல்எம் சென்சார்ஸ் என்று ஒரு புராஜெக்ட். போர்டில் இருக்கிற சூடு பார்க்கும் சிப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும். தேடுவது என்றால், போர்டுக்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது. சில ஐபிஎம் திங்க்பேட் மாடல்களில் அந்தக் கதவுகளில் ஒன்றுக்குப் பின்னால் மெஷினின் முக்கியமான மெமரி சிப் இருந்தது. தட்டின தட்டில் அதில் இருந்தது அழிந்து, லேப்டாப்பே எழுந்திருக்கலை. டெம்பரேச்சர் பார்க்கப் போனவனுக்கு லேப்டாப் காலி. 2010 மார்ச்சில் என்விடியா ஒரு கிராபிக்ஸ் டிரைவர் வெளியிட்டது, 196.75. அதில் ஃபேன் கட்டுப்பாட்டில் பிழை. கேம் ஓடுது, கார்டு சூடாகுது, ஃபேன் வேகம் ஏறவே இல்லை. கார்டுகள் போனதாகப் புகார்கள் வந்ததும் அதை வாபஸ் வாங்கினாங்க. ஒரு அப்டேட், அவ்வளவுதான். கோட் எழுதுறவங்க இதைக் கேட்டுட்டு இருந்தா, உங்க பிழை எங்கேயாவது யாருக்காவது சூடாகத்தான் வெளியே வரும்.

கிராபிக்ஸ் கார்டு கதை சுருக்கமா: 2003இல் அதே கம்பெனியின் 5800 அல்ட்ரா போட்ட சத்தத்துக்கு உலகமே சிரிச்சு, கடைசியில் அவங்களே தங்களைக் கிண்டல் பண்ணி வீடியோ எடுத்தாங்க. 2014இல் ஜிடிஎக்ஸ் 970, 980 வந்தபோது சில கம்பெனிகள் சூடு குறைவா இருந்தா ஃபேன் முழுசா நிற்கிற கார்டு விற்றன. 2020 நவம்பரில் ஃபேனே இல்லாத எம்1 மேக்புக் ஏர். ஜாப்ஸ் இறந்து ஒன்பது வருஷம் கழிச்சு அவர் கேட்டது வந்தது. அதுவும் 1977 வழியில்தான் வந்தது, முதலில் சூட்டைக் குறைச்சாங்க.

இப்போ சித்தப்பா கேள்விக்குத் திரும்பறேன். "நிறுத்தினா என்னா ஆவும்?" நான் அவருக்கு இதையெல்லாம் சொன்னேன், சுருக்கமா. அவர் கேட்டுட்டு மேற்கே கையைக் காட்டினார். "அப்ப அவன் மோட்டாரும் அப்படித்தான் தம்பி. அவனாலயும் நிறுத்த முடியாது."

ஃபேன் எபிசோடாத்தான் பிளான் பண்ணினேன். அந்த ஒரு வரியில் எபிசோடு வேற பக்கம் திரும்பிடுச்சு.

நெய்வேலியின் கதையே தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1934இல் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் பாசனத்துக்குப் போர் போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் லிக்னைட், பழுப்பு நிலக்கரி. அப்புறம் இருபது வருஷம் ஆய்வுகள், துளைகள், வெளிநாட்டு நிபுணர்கள். நிலக்கரி இருக்கு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி, அதுக்குக் காரணம் தண்ணீர்.

லிக்னைட் படுகைக்குக் கீழே ஒரு பெரிய நீர்த்தாங்கி இருக்கிறது. சாதாரண நிலத்தடி நீர் இல்லை, அழுத்தத்தில் மூடிக்கிடக்கிற நீர். சோடா பாட்டில் மாதிரி வச்சுக்கோங்க. மேலே இருக்கிற மண்ணும் நிலக்கரியும்தான் மூடி. அந்த மூடியைத் தோண்டி எடுத்தால் என்ன ஆகும்? சுரங்கத்தின் தரை கீழேயிருந்து உடைந்து தண்ணீர் பொங்கும். அதனால் தோண்டுவதற்கு முன்னாடியே சுத்திலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, இறைச்சு, அந்த அழுத்தத்தை லிக்னைட்டுக்குக் கீழே இறக்கி வைக்கணும். இறக்கி வச்சால் போதாது, தோண்டுகிற வரைக்கும் அங்கேயே பிடிச்சு வைக்கணும். இருபத்திநாலு மணி நேரமும், எல்லா நாளும்.

1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் லிக்னைட் கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது. அந்த வருஷங்களிலிருந்து இந்தப் பகுதியில் ஏதோ ஒரு பம்ப் ஓடாத நாள் இல்லை. முதல் அனல்மின் நிலையத்தையே 2020இல் மூடிட்டாங்க, அது ஆயுசு முடிஞ்சு போச்சு. பம்ப் ஓடுது.

இன்ஜினியரா எனக்கு இது புல்லரிக்க வைக்கிற விஷயம்தான், பொய் சொல்ல மாட்டேன். பூமிக்கு அடியில் இருக்கிற அழுத்தத்தை அறுபது வருஷத்துக்கு மேல ஒரு கோட்டுக்குக் கீழே பிடிச்சு வைப்பது லேசான காரியமா? அதில் வந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமில்லை, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரிக்கும் போனது. இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்குப் போகிறது. சென்னையில் நான் இந்த எபிசோடை அப்லோட் பண்ற கரண்ட்டில் ஒரு துளி இங்கேயிருந்து வந்திருக்கலாம்.

ஆனா இதே விஷயத்தை சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேற மாதிரித் தெரியுது. அவர் சின்னப் பையனா இருந்தப்போ இந்தப் பக்கத்தில் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானா மேலே வந்து ஊத்துமாம். அந்த சோடா பாட்டில் அழுத்தம்தான் காரணம். இப்போ பல நூறு அடிக்குக் கீழே போகணும் என்கிறார். ஏசிபிஐ அட்டவணையில் எழுதினாங்க இல்லையா, யாருக்கு முதலில் தொந்தரவு என்று? இங்கே அந்த அட்டவணையை எழுதினவங்க இந்த ஊர்க்காரங்க இல்லை.

2023 ஜூலை 26. நீங்க அந்த வீடியோவைப் பார்த்திருப்பீங்க. பச்சையா நிற்கிற நெற்பயிர் மேலே பொக்லைன் இறங்கினது இந்த வளையமாதேவியில்தான். பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பிவிட ஒரு கால்வாய். சுரங்கம் முன்னேறணும்னா ஆறு அந்த வழியில் இருக்க முடியாது, மழைத்தண்ணீரும் சுரங்கத் தண்ணீரும் போக வழி வேணும். நிலத்தைப் பத்து வருஷத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சு, பயிர் வைக்க வேண்டாம்னு சொல்லியும் வச்சாங்க, கால்வாய் தாமதமானால் மின்சாரம் பாதிக்கும் என்பது நிறுவனத்தின் வாதம். கொடுத்த பணம் போதாது, வேலை தருவோம்னு சொன்னது நடக்கலை என்பது விவசாயிகளின் வாதம். ரெண்டு நாள் கழிச்சு நெய்வேலியில் போராட்டம், கல்வீச்சு, கைது. அறுவடை வரைக்கும் ரெண்டு மாசம் பொறுக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டார். பிறகு பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

என் கருத்தைக் கேட்டால்: ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம். தொழில்நுட்பக் காரணம் என்னன்னு எனக்குப் புரியுது, பம்பை நிறுத்த முடியாது, ஆறு குறுக்கே வரும், எல்லாம் சரி. ஆனா ஒரு சிஸ்டத்தில் எதையுமே எப்பவுமே நிறுத்த முடியாதுன்னா அதை வடிவமைச்சவங்க கிட்டதான் கேள்வி கேட்கணும், கதிர் முத்துறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தவங்க கிட்ட இல்லை. அந்த ஜூலையில் ஊர்க்காரர்களின் மனுக்கள் பலவும் இந்த டெஸ்க்டாப்பில்தான் டைப் ஆச்சு. தங்கச்சி சொன்னா, அந்த வாரம் மெஷினை அணைக்கவே இல்லையாம். ஃபேனில் இவ்வளவு தூசி அடைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

சரி, மெஷினுக்கு என்ன பண்ணினேன்? முதலில் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். ஹீட்சிங்க்கின் இடைவெளிகளில் கம்பளி மாதிரி அடைச்சிருந்தது. பாதிச் சத்தம் அங்கேயே போச்சு. பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுப் புதுசு போட்டேன். அப்புறம் இவ மெஷினில் லினக்ஸ் என்பதால் பிடபிள்யூஎம் கான்ஃபிக் என்ற சின்ன புரோகிராமை ஓட்டினேன். அதோட வேலை சுவாரசியமானது. எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றா அஞ்சு நொடிக்கு நிறுத்திப் பார்க்கும். எது நின்னதோ அதுதான் இது. நிறுத்துறதுக்கு முன்னாடி எச்சரிக்கை கொடுத்து, அனுமதி கேட்கும்.

அப்புறம் ரெண்டு எண் கண்டுபிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன் எவ்வளவு குறைத்தால் நிற்கும் என்பது ஒன்று. நின்ற ஃபேன் திரும்பக் கிளம்ப எவ்வளவு வேணும் என்பது இன்னொன்று. ரெண்டாவது எப்பவும் பெரிசு. ஓடிட்டு இருக்கிறதை ஓட்டுறது சுலபம், நின்னதைக் கிளப்புறதுக்குக் கூடுதல் தள்ளு வேணும். கிராமத்தில் பழைய டீசல் இன்ஜினை ஹேண்டில் சுத்திக் கிளப்பினவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சித்தப்பா உடனே புரிஞ்சுக்கிட்டார்.

புரோகிராம் ஃபேனை நிறுத்தினப்போ சித்தப்பா, சித்தி, தங்கச்சி எல்லாரும் சுத்தி நின்னாங்க. அஞ்சு நொடி. நான் ஸ்கிரீனில் டிகிரியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், 41, 42, 44. அந்த அஞ்சு நொடியும் மேற்கே இருந்து மெஷின் இரைச்சல் ஒன்னு வந்துட்டே இருந்தது. இவங்களுக்கு அது பழகிப்போச்சு, எனக்குத்தான் புதுசாக் கேட்டது. அப்புறம் ஃபேன் ஒரு திணறு திணறிட்டுக் கிளம்பிச்சு.

இப்போ 45 டிகிரிக்குக் கீழே மெதுவா சுத்தற மாதிரி வச்சிருக்கேன். முழுசா நிறுத்தலை, இந்த ஊர் வெயிலுக்கு அந்த தைரியம் எனக்கு இல்லை. ரெக்கார்டிங் முழுக்க நீங்க கேட்டது அந்தக் குறைஞ்ச சத்தம்தான்.

மூடி போட்டு ஸ்க்ரூ திருகும்போது சித்தப்பா கடைசியா ஒண்ணு கேட்டார். "வீடு மாத்துற மாரி ஆச்சுன்னா, இதை லாரியில தூக்கிப் போட்டா தாங்குமாடா?" ஹீட்சிங்க் ரொம்ப கனம், குலுங்கினா போர்டு விரிசல் விடும், படுக்க வச்சு எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். தங்கச்சி அதை ஒரு சீட்டில் எழுதி கேஸ் மேலே ஒட்டி வச்சிருக்கா.